ஆணி இல்லாத படகு

நம் இராயபுரத்துக்குப் பெயர் தந்தவர் இராயப்பர், அதாவது மீனவரான புனித பேதுரு. இங்கே அவருக்கு ஆலயம் எழுப்பியவர்களும் படகோட்டிகளே.

சென்னைத் துறைமுகம் கட்டப்படும் முன்பு, கப்பல்கள் கரைக்குத் தள்ளியே நங்கூரமிட்டன. பயணிகளையும் சரக்கையும் நம் முன்னோர் மசூலாப் படகுகளில் கரை சேர்த்தார்கள். அவற்றின் பலகைகளை ஆணி அடித்து இணைக்கவில்லை, தென்னங்கயிற்றால் தைத்தார்கள். கரையோர அலை மோதும்போது விறைப்பான படகு உடையும். தைத்த படகு வளைந்துகொடுத்துத் தப்பும்.

நம் குடும்பத்திலும் அன்பியத்திலும் அலைகள் உண்டு. ஒரே ஒரு சொல்லுக்காகப் பக்கத்து வீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கிறோம். ஒரே பீடத்தில் நற்கருணையும் வாங்குகிறோம். வரும் ஞாயிறு திருப்பலிக்கு முன், அந்த வாசலுக்கு நாமே முதலில் போவோம்.