டிராக்டர் ஆயில் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: வடியும் கறுப்பு எண்ணெய் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2022-23 நிதியாண்டில் மட்டும் 9 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் விற்பனையாகின. அவற்றில் பலவும் வங்கிக் கடனில் வாங்கப்பட்டவை. கோதுமை அறுவடை முடிந்து நெல் நடவுக்கு நிலம் தயார் செய்யும் அந்தச் சில வாரங்களில் இன்ஜின் படுத்துவிட்டால், உழவும் போச்சு, வாடகை வருமானமும் போச்சு. கடன் தவணை மட்டும் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

ஆனால் இன்ஜினில் வரும் பெரிய கோளாறுகள் பலவும் முன்கூட்டியே ஒரு தகவல் அனுப்புகின்றன. அந்தத் தகவல் வருகிற இடம், ஆயில் மாற்றும்போது வடிந்து வரும் பழைய எண்ணெய். நாம் செய்வது என்ன? அதை அப்படியே ஒரு கேனில் ஊற்றி மூடி, ஓரமாக வைத்துவிடுகிறோம். ரத்தப் பரிசோதனைக்குக் காசு கட்டிவிட்டு ரிப்போர்ட்டை வாங்காமல் வீட்டுக்கு வருவது மாதிரிதான் இது.

அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கிலோமீட்டர் கணக்கு கிடையாதா?

காருக்கு 10,000 கிலோமீட்டர் என்றால், டிராக்டருக்கு மணிக்கணக்கு. டேஷ்போர்டில் இருக்கும் ஹவர் மீட்டர்தான் அளவுகோல். புது டிராக்டருக்கு முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலும் 50 மணி நேரத்தை ஒட்டி வரும். அதன் பிறகு பல மாடல்களுக்கு 250 மணி நேரத்துக்கு ஒரு முறை. இதைவிட நீண்ட இடைவெளி சொல்லும் புது மாடல்களும் உண்டு. உங்கள் வண்டிக்கு எது சரி என்பதை அதன் மேனுவல்தான் சொல்ல வேண்டும்.

250 மணி நேரம் குறைவு மாதிரித் தெரியலாம். சராசரியாக 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் 250 மணி நேரம் ஓடினால் 10,000 கிலோமீட்டர் வந்துவிடும். அதுவும் டிராக்டர், ரொட்டவேட்டரை இழுத்துக்கொண்டு, புழுதிக்குள், மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடுகிறது.

ஹவர் மீட்டர் வேலை செய்யவில்லை என்றால், ஒரு நோட்டில் தினமும் ஓடிய மணி நேரத்தை எழுதி வைப்பதுதான் வழி. “போன தீபாவளிக்கு மாத்தினோம்” என்பது கணக்கு ஆகாது.

எந்த ஆயில் ஊற்றுவது?

கேனின் மேல் இரண்டு விஷயங்கள் எழுதியிருக்கும். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 போன்றவை ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். சிஎச்-4, சிஐ-4 போன்றவை தரத்தைக் குறிக்கும். இதில் ‘சி’ என்ற எழுத்தில் தொடங்குபவை டீசல் இன்ஜினுக்கானவை. இரண்டுமே மேனுவலில் சொன்னதோடு ஒத்துப்போக வேண்டும்.

50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி 1 முதல் ‘டிரெம் ஸ்டேஜ் 4’ என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி அமலில் உள்ளது. இவற்றில் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிகள் இருக்கலாம் என்பதால், பழைய டிராக்டருக்கு வாங்கிய ஆயிலையே இதிலும் ஊற்றக் கூடாது.

வடிக்கும் முறை

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு அணைக்க வேண்டும். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால்தான் அடியில் படிந்த கசடும் மிதக்கும் கரியும் சேர்ந்து வெளியே வரும். உழவு முடிந்து வந்த கையோடு கழற்ற வேண்டாம். கொதிக்கும் ஆயில் கையைச் சுட்டுவிடும்.

சம்ப்பின் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைக் கழற்றும் முன், அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிடுங்கள். அகலமான, சுத்தமான, வெளிர் நிறத் தட்டு அல்லது பேசின் வைப்பது நல்லது. ஏற்கெனவே அழுக்கான டப்பாவில் பிடித்தால், உள்ளே கிடப்பது இன்ஜினிலிருந்து வந்ததா, டப்பாவில் இருந்ததா என்று தெரியாது. ஆயில் சொட்டுச் சொட்டாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் வருவதில்தான் கசடு அதிகம்.

ஆயில் ஃபில்டரையும் அதே நேரத்தில் மாற்ற வேண்டும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் முடுக்கினால் போதும். டிரெயின் பிளக்கின் வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். ஆயில் ஊற்றிய பின் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆயில் பிரஷர் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பிறகு அணைத்து, சில நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கில் அளவைச் சரிபார்க்க வேண்டும். அதிகமாக ஊற்றுவதும் தவறுதான்.

ஆயில் கறுப்பாக இருந்தால் பயப்படணுமா?

வேண்டாம். டீசல் எரியும்போது கரி உண்டாகும். அதைப் பிடித்து, ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு வைத்துக்கொள்வதுதான் ஆயிலின் வேலை. புது ஆயில் ஊற்றிச் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடுவது டீசல் இன்ஜினில் சகஜம். நிறத்தை மட்டும் பார்த்து ஆயில் கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது, நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் இவை:

டீயில் பால் கலந்த நிறம்: ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சிலிண்டர் லைனரின் அடியில் உள்ள ரப்பர் வளையங்கள் கசியலாம். ஆயில் கூலர் உள்ள வண்டியில் அது ஓட்டையாகியிருக்கலாம். ரேடியேட்டரில் தண்ணீர் அடிக்கடி குறைகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், டிரெயின் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. அடியில் தங்கியிருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆனால் பஞ்சாப், ஹரியானா பக்கம் டிசம்பர், ஜனவரி குளிரில், கொஞ்ச நேரம் மட்டுமே ஓடிய டிராக்டரில் ஆயில் மூடியின் உட்புறம் மட்டும் லேசாக வெள்ளை படிந்தால், அது காற்றின் ஈரமாகவும் இருக்கலாம். சம்ப்பில் உள்ள ஆயிலே வெளுத்திருந்தால்தான் பிரச்னை.

தண்ணி மாதிரி இளகி, டீசல் வாடை அடித்தால்: நாசில் ஒழுகலாம், அல்லது டீசல் பம்ப்பின் சீலோ டயஃப்ரமோ கிழிந்திருக்கலாம். இதற்கு இன்னொரு அடையாளம், டிப் ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் கூடுவது. “நம்ம வண்டி ஆயிலே குடிக்கலை, ஏறித்தான் நிக்குது” என்று சந்தோஷப்பட வேண்டாம். ஊற்றாமல் ஆயில் ஏறுகிறது என்றால் உள்ளே டீசலோ தண்ணீரோ கலக்கிறது. இளகிய ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

தார் மாதிரிக் கெட்டியான கசடு: பெரும்பாலும் ஆயில் மாற்றத்தை ரொம்ப நாள் தள்ளிப்போட்டதன் விளைவு. தரம் குறைந்த ஆயிலும் காரணமாகலாம். இந்தக் கசடு ஆயில் போகும் சிறு துளைகளை அடைத்துவிடும்.

மினுமினுக்கும் தூள், துகள்: தேய்ந்துகொண்டிருக்கும் ஏதோ ஒரு பாகத்தின் உலோகம். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

காந்தம், வெள்ளைத் துணி, பழைய ஃபில்டர்

வடித்த ஆயிலின் கடைசிப் பகுதியை ஒரு மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் நிற்பதை வெயிலில் பார்த்தால் துகள்கள் தெரியும். ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதன் மேல் ஓட்டுங்கள்.

காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு: பிஸ்டன் ரிங், லைனர், கேம் ஷாஃப்ட் போன்ற பாகங்களில் ஒன்று. ஒட்டாமல் வெள்ளி நிறத்தில் இருந்தால், பிஸ்டனின் அலுமினியமாகவோ பேரிங்கின் மேல் பூச்சாகவோ இருக்கலாம். செம்பு நிறத்தில் மினுங்கினால், பேரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து அடி அடுக்கு தெரிகிறது, அல்லது புஷ் தேய்கிறது என்று பொருள். இதோடு, சூடான இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஆயில் பிரஷர் விளக்கும் மினுக்கினால் வண்டியை நிறுத்திவிடுவதே நல்லது.

எல்லாத் துகளும் ஆபத்து கிடையாது. சில டிரெயின் பிளக்குகளிலேயே காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை போல் லேசாகப் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். புது டிராக்டரின் முதல் 50 மணி நேர ஆயிலில் கொஞ்சம் கூடுதலாகவே மினுமினுக்கும். விரலில் தனித்துத் தெரியும் செதில்கள், சிலும்புகள்தான் எச்சரிக்கை.

துணியில் தப்பித்தது ஃபில்டரில் மாட்டியிருக்கும். பழைய ஃபில்டரின் தகரக் கூட்டை மெக்கானிக்கிடம் சொல்லி வெட்டித் திறந்து, உள்ளே இருக்கும் மடிப்புத் தாளை விரித்துப் பாருங்கள். ஆக்சா பிளேடால் அறுத்தால் அந்த இரும்புத் தூளே உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டரால் வெட்டுவதே சரி.

இரும்புத் தூள் வழக்கத்தைவிட அதிகம் என்றால், ஏர் ஃபில்டரையும் அதன் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். கோதுமை அடிக்கும் காலத்தில் கிளம்பும் தூசியில், ஹோஸில் ஒரு சின்ன விரிசல் போதும். உள்ளே போகும் மண் ரிங்கையும் லைனரையும் உப்புத்தாள் மாதிரித் தேய்த்துவிடும். ஹோஸ் மாற்றும் செலவு எங்கே, போர் வேலைக்கு ஆகும் செலவு எங்கே!

சேற்றுழவு செய்தால் இன்னொன்றும் பார்க்கணும்

இன்ஜின் ஆயில் வேறு, கியர் பாக்ஸ் மற்றும் பின்பக்க ஆயில் வேறு. நெல் வயலில் சேற்றுழவு ஓட்டும் டிராக்டரில், தேய்ந்த ஆக்சில் சீல் வழியாகத் தண்ணீர் பின்பக்க ஆயிலில் கலப்பது உண்டு. அதுவும் பால் நிறத்தில்தான் தெரியும். எந்த ஆயில் வெளுத்திருக்கிறது என்று தெளிவாகச் சொன்னால்தான் மெக்கானிக் சரியான இடத்தைத் திறப்பார்.

டாப்-அப் கணக்கும் முக்கியம்

மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிறுவனம், டிராக்டர்களைச் சோதிக்கும்போது இன்ஜின் எவ்வளவு ஆயில் செலவழிக்கிறது என்றும் அளக்கிறது. இன்ஜினைப் பிரித்துத் தேய்மானமும் பார்க்கிறது. இரண்டில் முதலாவதை வீட்டிலேயே செய்யலாம். ஓர் ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அந்த எண் ஒவ்வொரு முறையும் ஏறினால், ரிங் தேய்கிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டிய நேரம்.

வடித்த ஆயிலை என்ன செய்வது?

மரத்துக்குக் கரையான் மருந்து, கதவுக் கீலுக்கு எண்ணெய், கொசு வராமல் இருக்கத் தேங்கிய நீரில் ஊற்றுவது எனப் பல ஊர்களில் பழைய ஆயிலுக்கு ஏகப்பட்ட பயன்பாடுகள் உண்டு. இவை எதுவும் நல்லதல்ல. பயன்படுத்திய ஆயிலில் உலோகங்களும் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வேதிப்பொருட்களும் சேர்ந்திருக்கும். கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். ஒரு பங்கு பழைய ஆயில் 10 லட்சம் பங்கு குடிநீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. கிணற்றை ஒட்டிய களத்தில் வடித்து மண்ணில் விடுவதை இந்தக் கணக்கோடு யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவில் 2016-ம் ஆண்டு விதிகளின்படி இது அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் 1 முதல், பழைய ஆயில் மறுசுழற்சிக்குப் போவதை உறுதிசெய்யும் பொறுப்பு ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் இறக்குமதியாளர்களுக்கும் தரப்பட்டுள்ளது. மூடியுள்ள கேனில் தனியாகச் சேர்த்து, சர்வீஸ் சென்டரிடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமோ கொடுக்கலாம்.

ஊரில் டிராக்டர், நீங்கள் நகரத்தில் வேலையில் இருக்கிறீர்களா?

வார இறுதியில் வீட்டுக்குப் பேசும்போது இந்த 5 கேள்விகளைக் கேளுங்கள்:

1. ஹவர் மீட்டர் இப்போ எவ்வளவு காட்டுது? போன தடவை ஆயில் மாத்தினப்போ எவ்வளவு?
2. இதுவரை எத்தனை லிட்டர் டாப்-அப் பண்ணியிருக்கு? அளவு ஏறியிருக்கா?
3. ரேடியேட்டர் தண்ணி குறையுதா?
4. ஏர் ஃபில்டர் ஹோஸை யாராச்சும் பார்த்தாங்களா?
5. வடிச்ச ஆயிலைத் துணியில் வடிகட்டி, வெயிலில் வெச்சு ஒரு போட்டோ அனுப்ப முடியுமா?

போட்டோவில் பால் நிறமோ செதில்களோ தெரிந்தால், “இந்த ஒரு போகம் ஓட்டிட்டுப் பார்த்துக்கலாம்” என்ற பதிலை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிடச் சொல்லுங்கள். கேஸ்கெட்டோ சீலோ மாற்றுவதோடு முடிகிற வேலை, இன்னும் 50 மணி நேரம் ஓட்டினால் கிராங்க் ஷாஃப்ட் வரை போய்விடலாம்.