பச்சை குத்திய புருவம் ஏன் மங்குகிறது?

பாட்டிமார் கையில் குத்திக்கொண்ட பச்சை கடைசிவரை அழிவதில்லை. ஊசிகளால் தோலைக் கீறிச் சாயமேற்றும் மைக்ரோபிளேடிங் முறையில் தீட்டும் புருவமோ ஓரிரு ஆண்டுகளிலேயே வெளிறத் தொடங்கிவிடுகிறது. ஏன்?

ஆழம்தான் முதல் காரணம். மேல்தோலிலேயே நின்றுவிடும் சாயம், செத்த செல்களோடு சில வாரங்களில் உதிர்ந்துபோகும். அதனால் ஊசிகள் அதற்குச் சற்றுக் கீழே, உள்தோலின் மேல்மட்டத்தைக் கீறுகின்றன. அங்கே மேக்ரோஃபேஜ் என்னும் காவல் செல்கள் சாயத்தை அந்நியப் பொருளென்று விழுங்கும், செரிக்கத்தான் முடியாது. ஒரு செல் செத்தால், அது விட்டுச்சென்ற சாயத்தைப் புதிய செல் விழுங்கிக்கொள்ளும்; பச்சை நிலைப்பது இப்படித்தான். 2018-இல் பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் புருவத்தில் சாயமும் குறைவு, ஆழமும் குறைவு. வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்!

புருவம் குத்திக்கொள்வதென்றால், முந்தைய நாள் மது வேண்டாம். ரத்தம் அதிகம் கசிந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது. அதற்காக, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. மருத்துவரைக் கேட்க வேண்டும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு கொண்டவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம்.

குத்திய முதல் சில நாள் நிறம் திடுக்கிட வைக்குமளவு அடர்ந்திருக்கும். பிறகு பொருக்குக் கட்டும். அரித்தாலும் நகம் படக் கூடாது. பொருக்கோடு சாயமும் பெயர்ந்துவிடும். ஆறும்வரை நீச்சல்குளம், மேக்கப் இரண்டும் விலக்கு.

இச்சாயங்கள் பலவற்றில் இரும்பு ஆக்சைடு உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அது அரிதாக எரிச்சலும் வீக்கமும் தரலாம். ஸ்கேனுக்குப் போனால், புருவம் குத்தியதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.