ராயபுரம் முதல் தார் வரை: பத்தில் ஒரு ரூபாய்

வடசென்னையிலிருந்து 12 பேர், 4 ஜீப், 12 நாள், தார் பாலைவனம். தலைக்கு ஏறக்குறைய 53,300 ரூபாய் ஆகும். இதில் எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே எழுதிப் பார்த்துவிட வேண்டும். காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போகும் முன், எத்தனை நாளைக்கு எவ்வளவு டீசல், ஐஸ், தண்ணீர் என்று கணக்குப் போட்டுத்தான் ஏற்றுகிறார்கள். மணலுக்கும் அதே கணக்குதான். நடுவில் கடை கிடையாது.

எப்போது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நம் பக்கம் பலருக்கு அப்போதுதான் ஓய்வு. ஆனால் அந்த மாதங்களில் தார் பக்கமே போகக் கூடாது. ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவானது. டிசம்பர், ஜனவரிதான் ஏற்ற காலம். பொங்கல் விடுமுறையை ஒட்டிக் கிளம்பலாம். இரவில் 10 டிகிரிக்கும் கீழே குளிரும் என்பதால் கம்பளி கட்டாயம்.

தூரம்

சென்னையிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 2,400 கி.மீ. அகமதாபாத் வரை தேசிய நெடுஞ்சாலை 48-ஐப் பிடித்தே போய்விடலாம். சித்ரதுர்கா, புணே, வடோதரா என்று 3 இரவு தங்கி, 4-ஆம் நாள் மாலை சேரலாம். திரும்பவும் 4 நாள். மணலுக்குக் கிடைப்பது நடுவில் உள்ள 4 நாள் மட்டுமே. அதில் சுமார் 400 கி.மீ. ஓட்டலாம்.

டீசல்

நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 12 கி.மீ. என்றால் ஒரு வண்டிக்கு 400 லிட்டர். மணலில் லோ கியரில் 5 கி.மீ. என்று வைத்தால் 80 லிட்டர். ஆக, 4 வண்டிக்கு 1,920 லிட்டர்.

மொத்தக் கணக்கு

விலைகள் எல்லாம் திட்டமிடுவதற்கான தோராயம். கிளம்பும் மாதத்து விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

டீசல், 1,920 லிட்டர் × 95: ரூ. 1,82,400
சுங்கச்சாவடி, 4 வண்டி × 8,000: ரூ. 32,000
விடுதி, 6 அறை × 8 இரவு × 2,000: ரூ. 96,000
பாலைவனக் கூடாரம், 12 பேர் × 3 இரவு × 2,000: ரூ. 72,000
சாப்பாடு, 12 பேர் × 12 நாள் × 550: ரூ. 79,200
உள்ளூர் வழிகாட்டி, 4 நாள் × 5,000: ரூ. 20,000
வண்டி சர்வீஸ், 4 × 10,000: ரூ. 40,000
பாதுகாப்புச் சாமான்கள்: ரூ. 60,000
கூட்டினால்: ரூ. 5,81,600
எதிர்பாராச் செலவு 10 சதவீதம்: ரூ. 58,160
மொத்தம்: ரூ. 6,39,760

நெடுஞ்சாலையின் டீசல், சுங்கம், 6 இரவுத் தங்கல், 8 நாள் சாப்பாடு ஆகியவற்றை மட்டும் கூட்டினால் 3,08,800 ரூபாய். எதிர்பாராச் செலவைச் சேர்க்கும் முன் வரும் தொகையில் பாதிக்கு மேல் தார்ச்சாலையே விழுங்கிவிடுகிறது. மணலில் எரியும் டீசலோ 30,400 ரூபாய்தான்.

அந்த 60,000

இழுவைக் கயிறு 2: ரூ. 12,000
மணல் பலகை 2 ஜோடி: ரூ. 16,000
ஏர் கம்ப்ரசர் 2: ரூ. 8,000
இணைப்பு வளையம் 8: ரூ. 6,000
காற்று மானி 4, மண்வெட்டி 4: ரூ. 4,000
முதலுதவிப் பெட்டியும் தீயணைப்பானும், 4 வண்டிக்கு: ரூ. 8,000
உபரி டீசல் கேன் 4: ரூ. 4,800
தண்ணீர், 20 லிட்டர் கேன் 20: ரூ. 1,200

தண்ணீர்க் கணக்கு இப்படி: வழிகாட்டியோடு 13 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர், 4 நாளுக்கு 312 லிட்டர். வண்டி சிக்கினால் தாக்குப்பிடிக்க இன்னும் ஒரு நாளுக்கு 78. மொத்தம் 390 லிட்டர். வண்டிக்கு 5 கேன், 100 கிலோ எடை. ஜெய்சல்மேரில் வாங்கிக்கொண்டால் போதும்.

சாலையில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்கும் டயர் காற்றை மணலில் 15 முதல் 18 வரை இறக்க வேண்டும். டயர் பரந்து மிதக்கும், இல்லாவிட்டால் புதையும். திரும்பத் தார்ச்சாலை ஏறும்போது 16 டயருக்கும் காற்றடிக்க, டயருக்கு 6 நிமிடம் என்றால், 2 கம்ப்ரசரை வைத்து 48 நிமிடம் ஆகும். இருட்டும் முன் அந்த நேரத்தை ஒதுக்குங்கள்.

எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு என்று வண்டியோடு வளர்ந்த பகுதி நம்முடையது. 12 பேரில் ஒருவர் மெக்கானிக்காக இருக்கட்டும். மணல் பழக எண்ணூர்க் கடற்கரையில் மட்டும் வண்டியை இறக்காதீர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது. அங்கே தார்ப் பாலையிலும் 3,162 சதுர கி.மீ. பாலைவனத் தேசியப் பூங்கா கானமயிலின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. வழிகாட்டி காட்டும் தடத்தை விட்டு விலகக் கூடாது. எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கு முன் அனுமதி வேண்டும்.

எதைக் குறைப்பது?

ஒரு வண்டியைக் குறைத்தால் 63,600 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 4 பேர் ஏறிய வண்டியில் தண்ணீருக்கும் கயிற்றுக்கும் இடமிருக்காது. அதற்குப் பதில் நெடுஞ்சாலை விடுதிகளில் அறைக்கு 3 பேராகத் தங்குங்கள், 24,000 குறையும். கூடாரத்தில் ஓர் இரவு போதும், மற்ற 2 இரவு நகரில் தங்கினால் இன்னொரு 24,000. தலைக்கு 4,000 ரூபாய் மிச்சம், யாருக்கும் ஆபத்தில்லை.

பாதுகாப்புக்கு ஆவது மொத்தத்தில் பத்தில் ஒரு ரூபாய். பணம் இறுகும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுதான். ஆகவே முதல் கூட்டத்திலேயே ஆளுக்கு 5,000 ரூபாய் வசூலியுங்கள். 12 பேருக்குச் சரியாக 60,000 வரும். கயிறும் கம்ப்ரசரும் கைக்கு வந்த பிறகு விடுதிக்கு முன்பதிவு செய்யலாம்.