படத்தில் இருந்த எண் யாருடையது?

ஜாசின் பக்கம் எங்கள் தோட்டத்தில் முன்பெல்லாம் பாரம் நிரப்ப வேண்டுமென்றால் கிராணியைத் தேடிப் போவார்கள். அவர் கிடைக்காவிட்டால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இப்போது என்னைத் தேடுகிறார்கள். ஆயர் குரோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்குப் படத்துடன் விளக்கி எழுதுவது என் வேலை. "எங்க பாப்பாவுக்கு அதுதான் தொழிலே, கேளுங்க" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

2024ஆம் ஆண்டு எனக்கு ஓய்வே இல்லை. ஜனவரி 2 முதல் மார்ச் 31 வரை பாடு பதிவு. அது முடிந்து மூச்சு விடுவதற்குள், மே 11 அன்று ஊழியர் சேமநிதிக் கணக்கு மூன்றாகப் பிரிந்தது. 55 வயதுக்கு உட்பட்டவர்கள், மூன்றாவதான நெகிழ்வுக் கணக்கிற்கு இரண்டாவது கணக்கிலிருந்து ஒரே ஒருமுறை பணம் மாற்றிக்கொள்ள ஆகஸ்ட் 31 வரை அவகாசம். நான் என் கைப்பேசியில் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். பதினான்கு படங்கள். விளக்கம் ஒரு வரிகூட இல்லை. படம்தான் பேசுமே என்ற நினைப்பு.

மறுநாள் சின்னம்மா அழைத்தார். "உன் படத்துல ஆயிரம் வெள்ளி இருந்துச்சு. எனக்கு ஏன்டி அறுநூறுதான் காட்டுது? யாராச்சும் எடுத்துட்டாங்களா?"

யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது கணக்கில் 1,000 வெள்ளிக்கு மேல் 3,000க்குள் இருந்தால் 1,000 மாறும். 1,000 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இருப்பது முழுவதும் மாறும். சின்னம்மாவிடம் இருந்ததே அறுநூறு. நான் காட்டியது என் கணக்கை. "இந்த இடத்தில் உங்கள் தொகை வேறாக இருக்கும்" என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தால் அவர் இரவெல்லாம் விழித்திருக்க மாட்டார்.

அதைச் சிரித்து மறந்தோம். அடுத்ததைச் சிரித்து மறக்க முடியவில்லை.

பேரன் படிப்புக்கான உதவித்தொகைக்கு மாமா ஒருவர் என் படங்களைப் பார்த்தே விண்ணப்பித்தார். இறுதி நாள் முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, விண்ணப்பம் போகவே இல்லை. 'சிம்பான்' தட்டியிருந்தார், 'ஹந்தார்' தட்டவில்லை. முன்னது சேமிக்க, பின்னது அனுப்ப. என் படத்தில் இரண்டு பொத்தான்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்காக எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். அதனால் 'ஹந்தார்' திரைக்குக் கீழே போய்விட்டது. விரலால் மேலே தள்ளினால்தான் தெரியும். "நீ போட்ட வட்டத்தை எல்லாம் தட்டினேன் பாப்பா" என்றார். உண்மைதான். கடைசிப் பொத்தானுக்கு நான் வட்டமே போடவில்லை. யாருக்குத்தான் தெரியாது என்று விட்டிருந்தேன். அடுத்த வாய்ப்புக்குப் பேரன் ஓராண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அலுவலகத்தில் இதே தவற்றைச் செய்திருந்தால் மேலாளர் கேட்டிருப்பார். மாமா கேட்கவில்லை. அதனால் நானே பழைய படங்களை எல்லாம் எடுத்து உட்கார்ந்தேன்.

முதலில் வெட்கப்பட வைத்தது அடையாள அட்டை எண். ஒரு படத்தில் என் எண்ணை மறைக்காமல் விட்டிருந்தேன். பெரியம்மா அதையே அப்படியே தட்டி, உள்ளே போக முடியவில்லை என்று புலம்பியதும் நினைவுக்கு வந்தது. அந்தப் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், மலாக்காவுக்கு 04. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். மோசடிக்காரனுக்குப் பாதி வேலை மிச்சம். ஹைலைட்டர் போல மெல்லிய மையால் அடித்துவிட்டு மறைத்தேன் என்று நம்பாதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடலாம். வெட்டிவிட்டாலும் முழு நிம்மதி இல்லை. 2023 மார்ச்சில் கூகுள் பிக்சல் கைப்பேசிகளில், வெட்டி எறிந்த பகுதியைச் சில படங்களிலிருந்து மீட்டெடுக்க முடிந்த குறை ஒன்று வெளியே வந்தது. இப்போது நான் உண்மை எண்ணோடு படமே எடுப்பதில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு எடுத்து, "உங்கள் எண்ணை இங்கே எழுதவும்" என்று போடுகிறேன்.

படங்களையும் குறைத்தேன். விரல் போக வேண்டிய இடம் மாறும்போது மட்டும் புதிய படம். பொத்தானை மட்டும் நறுக்கி வைத்தால் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாது. எனவே பக்கத்தின் தலைப்பும் தெரிய வேண்டும். வட்டத்தோடு 1, 2 என்று எண். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. மேலும், சிவப்புப் பொத்தானைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்ட புத்திசாலி நான்தான்.

ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி: "'ஹந்தார்' என்பதைத் தட்டவும். தெரியாவிட்டால் திரையை மேலே தள்ளவும்." 'அனுப்புக' என்று தமிழில் மட்டும் எழுதினால் திரையில் அந்தச் சொல்லைத் தேடி ஏமாறுவார்கள். தோட்டத்தில் லைன் மெதுவாக இருக்கும் நாளில் படம் திறக்காது, எழுத்து வந்துவிடும். பார்வையில்லாதவருக்குக் கைப்பேசி வாசித்துக் காட்டுவதும் அந்த வரியைத்தான்.

கடைசிப் படம் எப்போதும் வேலை முடிந்த திரை. "இது வந்தால்தான் முடிந்தது" என்று பெரிதாக. எந்தத் தேதியில் எடுத்த படம் என்பதையும் ஓரத்தில் எழுதிவிடுகிறேன். செயலிகள் நம்மிடம் சொல்லிக்கொண்டா மாறுகின்றன?

போன ஞாயிற்றுக்கிழமை புதிய படங்களை முதலில் மாமாவுக்குத்தான் அனுப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல், அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது படத்தில் நின்றார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"உன்னுது நீலமா இருக்கு, என்னுது பச்சையா இருக்கே?"

நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.