காட்டில் கூடாரம் போடலாமா?

கூடாரத்தை முதுகில் மாட்டிக்கொண்டு போய், பிடித்த இடத்தில் அடித்துத் தங்கலாமா என்று கேட்டால், தமிழ்நாட்டு அரசுக் காடுகளில் பதில் ஒன்றுதான்: கூடாது. அமெரிக்காவின் தேசியக் காடுகள் பலவற்றில் அப்படித் தங்க இடமுண்டு. அங்கே எடுத்த வீடியோக்களைப் பார்த்து வளர்ந்த ஆசையோடு இங்கே வருகிறவர்களைத்தான் செக்போஸ்டில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் காட்டுக்குள் நடக்கவும் இரவில் தங்கவும் முறையான வழிகள் இங்கும் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்களால்தான் விதிகள் மேலும் மேலும் இறுகுகின்றன.

முதலில், நிற்கிற மண் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். காப்புக்காடு என்றால் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டம் பொருந்தும். அங்கே அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். மரம் வெட்டினால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சேர்ந்துகொள்கிறது. சுற்றுலா, புகைப்படம், ஆராய்ச்சி போன்ற காரணங்களுக்கு மட்டும் அதில் அனுமதி தரலாம். முதுமலை, ஆனைமலை, சத்தியமங்கலம், களக்காடு–முண்டந்துறை, ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை ஆகிய ஐந்தும் புலிகள் காப்பகங்கள். அங்கே கட்டுப்பாடு இன்னும் அதிகம். எல்லாக் காட்டு எல்லையிலும் பலகை இருக்காது. வேலி இல்லை, ஆள் இல்லை, ஒற்றையடிப் பாதை தெரிகிறது என்பதெல்லாம் உள்ளே போக உரிமை ஆகிவிடாது.

இந்த அனுமதி வெறும் காகித வேலை என்று நினைப்பவர்கள் குரங்கணியை நினைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் சென்ற பாதைக்கு அனுமதி இருக்கவில்லை என்றது வனத்துறை. மார்ச் மாதத்தில் அந்தச் சரிவுகளில் ஆளுயரப் புல் காய்ந்து நிற்கும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது, பகல் காற்றும் மேல்நோக்கி வீசுகிறது. மனிதர் ஓடி ஜெயிக்கக்கூடிய வேகம் அல்ல அது. எந்தப் பாதையில் யார், எத்தனை பேர், எப்போது திரும்புவார்கள் என்று வனச்சரக அலுவலகத்தில் பதிவு இருந்தால் இரண்டு நன்மைகள் உண்டு. தீ அபாயம் இருக்கும் நாளில் உங்களைக் கிளம்பவே விடமாட்டார்கள்; கிளம்பிய பின் ஏதாவது ஆனால் எங்கே தேடுவது என்று தெரியும்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு, 2018லேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசு திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பாதைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கோத்தகிரியின் லாங்வுட் சோலையில் வயதானவர்கள்கூட நடக்கலாம். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்க முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு போனால், காட்டோரக் கிராமங்களிலிருந்தும் பழங்குடியினரிடமிருந்தும் பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருவார்கள். என் பார்வையில் இந்த ஏற்பாட்டிலேயே உருப்படியான அம்சம் இதுதான். யானை வாடையைக் காற்றில் பிடிக்கத் தெரிந்தவர் முன்னால் நடக்கும்போது, கைபேசி வரைபடத்தைப் பார்த்துப் போகிறவருக்கு இல்லாத பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்கிறது. அவர் நில் என்றால் நிற்க வேண்டும். ஏன் எதற்கு என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இரவு தங்க விரும்பினால் வனத்துறை விடுதிகள் இருக்கின்றன. முதுமலையில் தெப்பக்காடு, ஆனைமலையில் டாப்சிலிப், களக்காட்டுப் பக்கம் முண்டந்துறை. பகலை மட்டும் காட்டில் கழிக்க, கோவை காரமடை வழியாகப் பில்லூர் அணைப் பக்கம் போனால் பரளிக்காடு. பரிசல் சவாரியும், இருளர் குடும்பங்கள் சமைத்துப் போடும் சாப்பாடும் உண்டு.

ஏன் கூடாரத்துக்கு மட்டும் இத்தனை தயக்கம்? இரவில் யானைகள் நடமாடும் பாதை பகலில் நமக்கு வெறும் புல்தரையாகத் தெரியும். தட்டையான நிலம், பக்கத்தில் தண்ணீர், கொஞ்சம் நிழல்: கூடாரம் போட நாம் தேடும் இடமும் யானை இறங்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. உள்ளே அரிசியும் உப்பும் பழமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். வால்பாறையில் ரேஷன் கடைச் சுவரையே இடித்து அரிசி எடுக்கும் யானைக்குத் துணிக் கூடாரம் எம்மாத்திரம்? 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், தனியார் விடுதி ஒன்று போட்டிருந்த கூடாரத்தில் தங்கிய பெண்ணை யானை கொன்றது. அது தனியார் நிலம்தான். எஸ்டேட் நிலத்தில் கூடாரம் வாடகைக்கு விடுகிறவர்கள், இது காடு இல்லை, அனுமதி தேவையில்லை என்பார்கள். யானைக்குப் பட்டா தெரியாது. அப்படி ஓர் இடத்தை முன்பதிவு செய்யுமுன் அங்கே இரவில் என்னென்ன வரும், சுற்றி அகழியோ மின்வேலியோ உண்டா, உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் வேறு இடம் பாருங்கள்.

கேம்ப் ஃபயர் என்ற ஆசையைச் சமவெளியிலேயே இறக்கி வைத்துவிட்டு வருவது நல்லது. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் தீ மூட்டுவது குற்றம். சிகரெட்டும் இதில் அடக்கம். நம் காடுகளில் பற்றும் தீயில் பெரும்பாலானவை மனிதர் கையால் வந்தவை. பிப்ரவரியில் தொடங்கிக் கோடைமழை வரும்வரை மலையேற்றப் பாதைகளை மூடுவதற்கும் காரணம் இதுதான். கோடை விடுமுறைக்கு முன் திட்டமிடுகிறவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். மழை விட்ட பிறகு வரும் மாதங்கள்தான் நடக்கத் தோதானவை. அட்டைக்கடியைப் பொறுத்துக்கொள்ளலாம்.

குப்பை பற்றி எல்லோரும் எல்லாமும் சொல்லியாயிற்று. ஒன்றை மட்டும் சொல்கிறேன். கோவை மருதமலைப் பக்கம் யானை லத்தியில் மசாலாப் பாக்கெட் உறைகளும் முகக்கவசங்களும் கிடைத்தன. உப்பும் எண்ணெயும் ஒட்டியிருந்தால் உறையோடு சேர்த்துத்தான் விலங்கு விழுங்கும். உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் பாதத்தைக் கிழிப்பதால்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது; பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் தரும் முறை 2022இல் நீலகிரியில் தொடங்கியது. மலையேற்றத்தில் மதுவுக்கே இடமில்லை என்பது வேறு விஷயம். ஓடையில் சோப்பு போட்டுக் குளிப்பதும் இதே கணக்கில் சேரும்.

விலங்குகளோடு படம் எடுப்பதில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். பொள்ளாச்சி–வால்பாறை சாலையில் வரையாடுகள் வண்டிகளுக்குப் பக்கத்திலேயே மேயும். 2023 ஜனவரியில் ஒரு வரையாட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்த இருவர் கைதானார்கள். சீண்டுவது, விரட்டுவது, தீனி போட்டு இழுப்பது எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் வரும். வேட்டை என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் விலங்கைப் பிடிப்பதும் துரத்துவதும்கூட அடங்கும். ஆழியாறு தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குக்குச் சிப்ஸ் நீட்டுகிறவர்கள், அந்தக் குரங்கு அடுத்த வண்டியை நம்பிச் சாலை நடுவில் உட்கார்ந்து அடிபடுவதைப் பார்க்க அங்கே இருப்பதில்லை. ட்ரோன் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். ஸ்பீக்கர் எதற்கும் வேண்டாம்.

பக்தர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வெள்ளியங்கிரி ஏறுகிறவர்களின் பையை அடிவாரத்தில் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்துவைப்பது பக்திக்கு இடைஞ்சல் என்று வாதாடுகிறார்கள். சொரிமுத்து அய்யனார் கோயில் இருப்பது புலிகள் காப்பகத்துக்குள். ஆடி அமாவாசைக் கூட்டம் விட்டுச் செல்லும் துணிகளையும் குப்பையையும் அள்ள நாட்கள் ஆகின்றன. வெள்ளியங்கிரியில் 2024 பருவத்தில் ஏறும்போதே சிலர் இறந்துபோனார்கள். இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது என்ற அறிவிப்பு சம்பிரதாயத்துக்கு வைத்தது அல்ல.

முன்பதிவும் இருக்கிறது, வழிகாட்டியும் தயார். அப்போதும் காலையில் செக்போஸ்டில் நிற்கும் வேட்டைத் தடுப்புக் காவலர், இன்று போக முடியாது என்று சொல்லக்கூடும்: பாதையில் யானைக் கூட்டம் நிற்கலாம், இரவு பெய்த மழையில் ஓடை பெருகியிருக்கலாம், மேலே புகை தெரிந்திருக்கலாம். அவரோடு வாக்குவாதம் செய்வதில் பயனில்லை. முன்பதிவு ரசீதைக் காட்டி வேறு நாள் கிடைக்குமா என்று கேளுங்கள். பக்கத்து ஊரில் தங்க ஓர் இடத்தையும் முன்பே பார்த்து வைத்திருங்கள்.