தொழிலில் மலரும் படைப்பாற்றல்

கொழும்பிலே புதுக்கடை என்றதும் வழக்கும் நீதிமன்றமுமே பலருக்கு நினைவில் எழும். 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையில் மாண்ட ஹுல்ஃப்ட் என்னும் ஒல்லாந்தத் தளபதியின் பெயரால் ஆங்கிலத்தில் வழங்கப்படும் இப்பகுதியில், கறுப்பு அங்கி அணிந்த சட்டத்தரணிகளோடு எழுதுவினைஞரும் தட்டெழுத்தாளரும் தேநீர்க் கடைக்காரரும் உழைக்கின்றனர். இவர்களுடைய தொழிலிலே படைப்பாற்றலுக்கு இடமுண்டா என வினவினால், “அது கவிஞருக்கும் ஓவியருக்கும் உரியது, வயிற்றுப் பிழைப்புக்கு உழைப்பவருக்கு அது ஏது?” என்றே பலர் விடையிறுப்பர். அவ்விடை சரியானதுதானா?

இக்கேள்வியை ஆழ்ந்து ஆராய்ந்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1877ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்த அவர், நியாயவாதியான சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர். அவர் முதலிற் பயின்றது கலையன்று, நிலவியல். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைமை தாங்கினார். தோரியனைட்டு என்னும் கனிப்பொருளை இனங்கண்டு உலகுக்கு அறிவித்தார். கல்லைத் தேடிக் கிராமங்கள்தோறும் சென்றவரின் கண்ணிற் பட்டவர்கள், பித்தளையில் வேலை செய்யும் கன்னாரும், பாய் முடைவோரும், குயவரும், நெசவாளரும் ஆவர். அவர்களுடைய வேலைப்பாட்டை ஆராய்ந்து 1908ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டதே இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய பெருநூல். ஒரு தொழில் மற்றொன்றுக்கு வழிகாட்டியது.

கலைஞன் என்பவன் தனியொரு சாதி மனிதன் அல்லன். ஒவ்வொரு மனிதனும் தன்தன் வழியிலே ஒரு கலைஞனே என்பது அவர் கண்ட முடிவு. குயவர் பானைக்கு வளைவு கொடுப்பது வெறும் அழகுக்காக அன்று. இடுப்பில் அணைத்துத் தூக்கவும், நீர் சிந்தாமல் வார்க்கவும் அவ்வளைவு உதவுகிறது. பொருளின் இயல்பை அறிதல், பயனைக் கருதுதல், இவ்விரண்டுக்கும் பொருந்த ஒரு முடிவு செய்தல் என்னும் மூன்றும் சேருமிடத்தில் படைப்பு நிகழ்கின்றது. கண்ணீரும் கோபமுமாக ஒருவர் கூறும் முறைப்பாட்டை முன்பின் ஒழுங்குபடுத்தி, நீதிபதிக்கு விளங்கும் மனுவாக அமைக்கும் எழுத்தரும் இதனையே செய்கின்றார்.

தமிழ் மரபுக்கு இது புதிதன்று. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் எனச் சங்கப் புலவர் சிலரின் பெயரோடு அவர்தம் தொழிலும் நிலைத்து நிற்கின்றது. தானியமும் துணியும் விற்ற கடைகளுக்குத் தமிழ்ப் பாட்டு அந்நியமாக இருக்கவில்லை.

நம் காலத்துச் சான்று டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனில் அவர் முடிவெட்டும் தொழில் செய்தார். அத்தொழிலைத் தாழ்வாக நோக்கிய சமூகத்திலே, அவர் அதனை மறைக்கவில்லை. நாற்காலியில் வந்தமர்ந்தோரின் பேச்சையும் நாட்டின் நடப்பையும் கூர்ந்து கேட்டார், கேட்டது கதையாயிற்று. ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் அவருடைய சிறுகதைத் தொகுதி இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய ‘மல்லிகை’ இதழ் அந்தச் சலூனிலிருந்தே வெளிவந்தது. பிற்காலத்தில், புதுக்கடைக்கு அண்மையிலுள்ள ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து 2012 வரை மலர்ந்தது. இதழைத் தம் கையாலேயே சுமந்து சென்று விற்றவரும் அவரே.

இவ்வாறு கூறுவதால், குறைந்த கூலியைக் கலையின் பெயரால் நியாயப்படுத்தலாம் என்பது கருத்தன்று. கூலி வேறு, மதிப்பு வேறு. உழைப்பவருக்கு இரண்டும் வேண்டும். சொன்னதைச் செய் என்று மட்டும் கட்டளையிட்டு, எப்படிச் செய்வது என்ற சிந்தனையை அவரிடமிருந்து பறித்துவிட்டால், நல்ல சம்பளங்கூட அவ்விழப்பை ஈடுசெய்யாது. தொழில் எதுவாயினும், அதில் ஒரு முடிவையேனும் தாமே சிந்தித்துச் செய்பவர் அன்றைய நாளுக்குத் தம் கைச்சுவட்டைப் பதித்தவராகிறார்.