தூண்டிலுக்கு முன் துணைவரைத் தேர்க

தங்கவயல் தமிழர்க்குக் காவிரி அயலாள் அல்லள். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திர அருவியிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் ஏறக்குறைய 92 மைல் கம்பி வழியே வந்தே நம் முன்னோர் உழைத்த சுரங்கங்களை இயக்கிற்று. அச்சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஆயினும், விடுமுறை வந்தால் குடும்பத்தோடு காவிரிக்கரை சென்று தூண்டில் போடும் ஆவல் நம்மவரிடம் குறையவில்லை. இவ்வாண்டு புறப்பட எண்ணியுள்ள அன்பர்களுக்கு, நாம் பட்டறிந்த சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலில் கருதத்தக்கது காலம். குடகில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஆறு கலங்கிப் பெருகும். மீன்கள் பெரும்பாலும் முட்டையிடுவதும் மழைக்காலத்திலேயே. ஆகவே, நீர் தெளிந்து ஓடும் தை முதல் பங்குனி வரையிலான நாட்களே ஏற்றவை.

அடுத்தது இடம். சிவசமுத்திரத்துக்குக் கீழே பீமேஸ்வரி, கலிபோரே முதலிய துறைகள் ஒரு காலத்தில் மஹ்சீர் என்னும் பெருங்கெண்டைக்கு உலகப் புகழ் பெற்றிருந்தன. 1946இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் கபினியில் பிடித்த மஹ்சீர் 120 பவுண்டு எடையுடையது. இன்றோ காவிரி வனவிலங்குச் சரணாலயத்தினுள் தூண்டில் போட இசைவில்லை. திமில் மஹ்சீரும் அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென 2018இல் அறிவிக்கப்பட்டது. எனவே, எத்துறையில் எம்மீனைப் பிடிக்கலாமென வனத்துறையிடமும் மீன்துறையிடமும் கேட்டறிந்து, உரிய அனுமதிச் சீட்டுப் பெற்ற பின்னரே நாள் குறிக்க வேண்டும்.

இவை இரண்டினும் முதன்மையானது வழிகாட்டியைத் தேர்வதாகும். இதில் நாங்கள் ஒருமுறை தவறினோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மூன்று குடும்பத்தார் ஆற்றங்கரை ஊர் ஒன்றுக்குச் சென்றோம். "மீனில்லாமல் உங்களை அனுப்பமாட்டேன்" என்றான் ஒருவன். அச்சொல்லில் மயங்கி, அவனுடைய பரிசலில் பிள்ளைகளோடு ஏறினோம். நடு ஆற்றில் அவன் பையைத் திறந்தபோது, உடன்வந்த ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளியின் முகம் வெளுத்தது. பைக்குள் இருந்தவை வெடித் தோட்டாக்கள்.

"சிறிய தோட்டாதான் ஐயா, ஒரு சத்தம், ஒரு கூடை மீன்" என்று அவன் சிரித்தான்.

"தம்பி, முப்பது ஆண்டு பாறைக்குத் திரி வைத்தவன் நான். பரிசலைக் கரைக்குத் திருப்பு" என்றார் பெரியவர்.

கரையேறும்வரை எங்களுக்கு உயிரில்லை. வெடியானது பெரிய மீனோடு குஞ்சையும் சேர்த்துக் கொல்லும். வைப்பவன் கையையும் பறிக்கும். 1897ஆம் ஆண்டுச் சட்டமே வெடி வைத்து மீன் கொல்வதைக் குற்றமாக்கிற்று. தோட்டாவின் வலிமையைத் தங்கவயலார்க்குப் பிறர் சொல்லவும் வேண்டுமோ?

மறுமுறை விசாரித்து வேறொருவரை அமர்த்தினோம். விடியற்காலையில் அவர் கரையில் நின்று நீரை நெடுநேரம் பார்த்தார். நிறம் சற்று மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. "மேலே நீர் திறந்திருப்பார்கள். இன்று பரிசல் இறங்காது" என்று கூறி, அன்றைய கூலியைத் திருப்பிக் கொடுத்தார். எங்களுள் சிலர் முணுமுணுத்தோம். நண்பகலில், நாங்கள் அமர எண்ணியிருந்த பாறை நீருக்குள் மறைந்துவிட்டது. அடுத்த நாள் நீர் வடிந்தபின் கேழ்வரகுக் களியை உருட்டித் தூண்டிலில் கோக்கக் கற்பித்தார். கிடைத்தவை நான்கு கெண்டைகளே. பிள்ளைகளுக்கோ அது திருவிழா.

ஆகவே, அமர்த்துமுன் இவற்றைக் கேளுங்கள்: அனுமதிச் சீட்டு உண்டா? பரிசலில் எத்தனை பேரை ஏற்றுவார்? குழந்தைகள் உட்பட ஆளுக்கொரு உயிர்காப்புச் சட்டை உண்டா? நீர் பெருகினால் எவ்வாறு அறிவார், எவ்வழியே கரை சேர்ப்பார்? கூலியில் பரிசலும் இரையும் அடங்குமா? பயணம் நின்றுபோனால் பணம் திரும்புமா? இவற்றுக்குச் சலிப்பின்றி விடை தருபவரையே நம்புங்கள். மீனுக்கு உறுதி கூறுபவரை விட்டு விலகுங்கள். ஆற்றில் அவ்வுறுதியை எவராலும் தர இயலாது.

நல்ல வழிகாட்டியைக் கண்ட அன்பர்கள் சங்கத்துக்கு எழுதித் தெரிவிப்பார்களாக. பின்னே செல்லும் குடும்பங்களுக்கு அது பேருதவியாகும்.